அப்பாவாக நடித்த ஆடு

'குடும்பத்தோடு கண்டு களிக்கலாம்' என்று அந்தப் படத்தின் சுவரொட்டியில் போட்டிருந்தார்கள். நான் குடும்பத்தோடுதான் போனேன். அம்மா, தங்கை, தாய்மாமன், அத்தை, பங்காளிகள் என்று மொத்தம் பதினாறு பேர். பதினாறு பேரும் கண்டோம். களித்தது பற்றித்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

படத்தின் கதை இதுதான். செத்துப்போன அப்பா ஒருவர், பிள்ளைகள் வீட்டுக்காக அடித்துக்கொள்வதைப் பொறுக்க முடியாமல், தான் வளர்த்த ஆட்டுக்குள் புகுந்து திரும்பி வருகிறார். ஆடு பேசுவது பேத்திக்கு மட்டும் கேட்கும். மருமகள் வைத்த குழம்பில் உப்பு குறைச்சல் என்று ஆடு சொல்லும். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் பார்க்கும். இரண்டு மணி நேரம் சிரிப்பு, கடைசிப் பத்து நிமிஷம் அழுகை, எல்லாரும் ஒன்றுசேர்ந்து ஒரு பாட்டு. கெட்ட வார்த்தை இல்லை, வெட்டு குத்து இல்லை. மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் நன்றாகப் பொழுது போகும். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. அந்த ஆடு எங்கள் ஆடு, அவ்வளவுதான்.

அப்போது நான் திருப்பத்தூருக்கும் புதூர்நாட்டுக்கும் நடுவே ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். பஸ் வராத நேரத்தில் ஜனங்களை ஏற்றுவது என் தொழில். பஸ் வராத நேரம் என்பது எங்கள் மலையில் ஏறக்குறைய முழு நாள். மார்கழியில் ஒரு சினிமாக் கம்பெனிக்காரர்கள் வந்து என் வண்டியைப் பேசினார்கள். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு ஊரில் ஷூட்டிங். எங்கள் ஊரிலிருந்து அது எட்டாத தூரம் என்பதால் எங்கள் ஆட்கள் யாரும் வேடிக்கை பார்க்க வரமாட்டார்கள். இந்த விஷயம் பிறகு எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

டைரக்டர் சின்ன வயசுக்காரர். வெயிலிலும் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டிருப்பார். மெட்ராஸிலிருந்து நடிப்புப் பழகிய ஆடு ஒன்றை வேனில் ஏற்றி வந்திருந்தார். அது மலைக் குளிரில் சுருண்டு படுத்ததுதான், இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை. ஆட்டுக்குப் பதிலாக நாயை வைத்துக் கதையை மாற்றலாமா என்றுகூட யோசித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் இடம் பார்க்க டைரக்டரை எங்கள் ஊர் வழியாகக் கூட்டிப் போனேன். நடு ரோட்டில் எங்கள் கிடா நின்றுகொண்டிருந்தது. ஹாரன் அடித்தேன். கழுத்தை மட்டும் திருப்பி, 'என்ன அவசரம் உனக்கு' என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி நின்றது.

டைரக்டர் வண்டியிலிருந்து குதித்தார். கறுப்புக் கிடா, நெற்றியில் மட்டும் திருநீறு பூசியதுபோல வெள்ளை. "இதுதாங்க அப்பா" என்றார். குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

அந்த ஆட்டுக்கு ஏன் அவ்வளவு திமிர் என்று சொல்லிவிட வேண்டும். அது குலசாமிக்கு நேர்ந்துவிட்ட ஆடு. என் தங்கைக்கு மூன்று வருஷமாக வரன் கூடி வந்து கூடி வந்து நழுவிப் போனதால், கல்யாணம் அமைந்தால் கிடா தருகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டு, காதை லேசாகக் கிழித்து அடையாளம் போட்டு விட்டது. சாமி ஆட்டை யாரும் அடிக்கக் கூடாது, கட்டிப்போடக் கூடாது, விற்கக் கூடாது. எவன் கொல்லையில் மேய்ந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் விரட்ட வேண்டும். நாலு நாள் காணாமல் போனாலும் தேடமாட்டார்கள். சாமி பார்த்துக்கொள்ளும். இப்படி வளர்ந்த ஆடு எப்படி இருக்கும்? மந்திரி மகன் மாதிரி இருந்தது.

தங்கை மலைக்குக் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு வரனை அவளே பார்த்துக்கொண்டாள். அதே ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற பையன், கணியம்பாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஆடு நேர்ந்துவிட்டதால் அமைந்தது என்று அம்மா சொன்னாள். தான் வாயைத் திறந்து கேட்டதால் அமைந்தது என்று தங்கை சொன்னாள். தாய்மாமன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். தன் மகனுக்கு அவளைக் கட்ட வேண்டும் என்று அவளைத் தொட்டிலில் போட்ட நாளிலிருந்து அவருக்கு ஆசை. முறையுள்ள மாப்பிள்ளை மேலே இருக்க, பெண் கீழே இறங்கிப் போவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் பங்குனியில் கல்யாணம் என்று பேசி, மாசித் திருவிழாவில் சாமி கிடாவை ஏற்றுக்கொண்டதும் பத்திரிகை அடிப்பது என்று முடிவாகியிருந்தது.

ஆகவே டைரக்டரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது, 'இது சாமி ஆடு, தொடாதீங்க' என்பதுதான். நான் சொன்னது, "எனக்கு எதுனா ஒரு வேசம் கெடைக்குமாங்க?" என்பது.

மறுநாள் விடியும் முன்னே, குலசாமியின் ஆடு என் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து ஜமுனாமரத்தூர் போயிற்று. வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. அதற்கு ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. எனக்கும் இல்லை.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஆட்டைக் கொடுத்ததோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் டைரக்டர், கதையில் இந்த மலைக்கே உரிய ஏதாவது ஒன்று வேண்டும், எது இருக்கிறது என்று கேட்டார். தேன் இருக்கிறது, புளி இருக்கிறது என்று சொல்லிவிட்டு இலையை மடித்திருக்கலாம். நான் எங்கள் கோயில் வழக்கத்தைச் சொன்னேன். கிடாவைச் சாமிக்கு முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். ஆடு உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் சாமிக்குச் சம்மதம் இல்லை. அன்றைக்குக் கத்தி ஓங்கக் கூடாது, எந்த நல்ல காரியத்துக்காக வேண்டினோமோ அதையும் நிறுத்திவிட வேண்டும். இந்த மாதிரி வழக்கம் கீழேயும் பல ஊரில் உண்டு. அதை நான் சொல்லவில்லை. எங்களுக்கு மட்டுமே உரியது மாதிரி சொன்னேன்.

டைரக்டர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் போனில் குறித்துக்கொண்டார். மறுநாள் அதுதான் படத்தின் உச்சக் காட்சி. பிள்ளைகள் ஆட்டைப் பலி கொடுக்கக் கொண்டுவருகிறார்கள். தண்ணீர் ஊற்றுகிறார்கள். உள்ளே இருப்பது அப்பா அல்லவா, அவர் எப்படி உத்தரவு கொடுப்பார்? குடம் குடமாய் ஊற்றியும் ஆடு கல்லாய் நிற்கிறது. பேத்தி ஓடிவந்து தாத்தாவைக் கட்டிக்கொள்கிறாள். டைரக்டர் இதை நடித்துக் காட்டியபோது சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆனால் ஆடு என்பது நனைந்தால் சிலுப்புகிற பிராணி. முதல் நாள் தண்ணீர் பட்டபோதெல்லாம் சிலுப்பி, கேமராவைக் கழுவி, டைரக்டரின் குல்லாயையும் நனைத்தது. அப்புறம் ஆட்டைப் பழக்குகிற மாஸ்டர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். மனுஷர்களோடு அதிகம் பேசாத ஆள். நாலு சொட்டுத் தெளிப்பார். சிலுப்பாமல் இருந்தால் ஒரு பிஸ்கட். சிலுப்பினால் கிடையாது. அப்புறம் ஒரு கை தண்ணீர், அப்புறம் ஒரு செம்பு, அப்புறம் குடம். என் வாசனை ஆட்டுக்குப் பழக்கம் என்பதால் பிஸ்கட் கொடுக்கிற வேலை எனக்கு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்று பழமொழி சொல்வார்கள். நான் அழக்கூட இல்லை, இன்னொரு குடம் கொண்டுவரச் சொன்னேன்.

நாலாம் நாள், மார்கழிக் குளிரில், ஒரு முழுக் குடம் தலையில் விழுந்தும் எங்கள் ஆடு ஒரு ரோமத்தைக்கூட அசைக்கவில்லை. நாக்கை நீட்டி மூக்கை ஒருதரம் நக்கிக்கொண்டு, என் வலது கையைப் பார்த்தது. மாஸ்டர் அதுவரை யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. அன்றைக்கு ஆட்டின் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

என் வேஷத்தையும் சொல்லிவிடுகிறேன். குடம் தூக்கி ஊற்றுகிற ஆள். முகத்தில் பயமும் பக்தியும் சேர்ந்து தெரிய வேண்டும் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். இரண்டையும் காட்டினேன். படத்தில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வந்திருக்கிறேன்.

ஆடு ஊருக்குத் திரும்பியபோது நன்றாக உருண்டு திரண்டிருந்தது. சாமியே கூட்டிப்போய் மேய்த்து அனுப்பியிருக்கிறது என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் ஊர் முழுக்கப் போய் நான் சினிமாவில் நடித்திருக்கிறேன் என்று சொன்னேன். ஆடு நடித்ததை மட்டும் சொல்லவில்லை.

மாசித் திருவிழா வந்தது. மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் கணியம்பாடியிலிருந்து வந்து கைகட்டி ஓரமாக நின்றார்கள். அவர்கள் ஊர்ச் சாமிக்குத் தாம்பூலம் போதும் என்பதால் இங்கே என்ன நடக்கும் என்று அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. தங்கை லீவு போட்டுவிட்டு வந்து, மஞ்சள் புடவையில் அம்மா பக்கத்தில் நின்றாள். கிடாவுக்கு மாலை போட்டுக் கொண்டுவந்தார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீரை எடுத்து அதன் தலையிலிருந்து வால் வரை தெளித்தார். மேளம் நின்றது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை எனக்கு அது தோன்றவேயில்லை. ஆடு சிலுப்பவில்லை. கால்களை அழுத்தி ஊன்றிக்கொண்டது. நாக்கை நீட்டி மூக்கை நக்கியது. அப்புறம் அவ்வளவு கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, என் வலது கையைப் பார்த்தது. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

இன்னொரு செம்பு ஊற்றினார்கள். சாமியிடம் மன்றாடி இன்னும் ஒரு குடம். ஆட்டின் தாடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அது அசையவில்லை. இத்தனை நேரம் நடித்தும் ஒரு பிஸ்கட் வரவில்லையே என்று ஒரே ஒருதரம் கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். மாமன் முன்னால் வந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சாமிக்குச் சம்மதம் இல்ல. நான் இன்னா பண்றது?" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமலே போய்விட்டார்கள். தங்கை அவர்கள் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து போய், பாதியில் நின்றாள்.

எங்கள் வழக்கப்படி, சாமி மறுத்தால் வீட்டில் குற்றம் இருக்கிறது. குற்றம் செய்தவர் பங்காளிகள் கூட்டத்தில் சொல்லிவிட்டால், பரிகாரம் பண்ணி மறுபடி உத்தரவு கேட்கலாம். சொல்லாவிட்டால் கேட்க முடியாது. மறுநாளே கூட்டம் கூடியது. சித்தப்பா, விரத நாளில் திருப்பத்தூரில் பிரியாணி சாப்பிட்டதைச் சொன்னார். அத்தை, கோயில் எல்லைக்குள் மறந்துபோய்ச் செருப்போடு நடந்ததைச் சொல்லி அழுதாள். அம்மா, சாமி ஆட்டை ஒருநாள் 'சனியனே' என்று திட்டிவிட்டதாகச் சொன்னாள். பங்காளி ஒருவர் இருபது வருஷத்துக்கு முந்திய ஒரு விஷயத்தை ஆரம்பித்தார், அவர் மனைவி முறைத்த முறைப்பில் நிறுத்திக்கொண்டார். என் முறை வந்தது. கோயில் பின்னால் நின்று பீடி குடித்தேன் என்றேன். நான் பீடி குடிப்பதில்லை.

எதற்கும் பரிகாரம் செய்துவிடலாம், ஆனால் ஆடு கல்லாய் நிற்கிற அளவுக்கு இதெல்லாம் குற்றம் இல்லை, பெரிசாக வேறு ஏதோ இருக்கிறது என்று மாமன் தீர்ப்புச் சொன்னார். அவர் சொன்னது சரி. அந்தப் பெரிசு அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சாமி ஆட்டை வேஷம் போட வைத்தவன் என்று தெரிந்தால் என் ஜீப்பில் ஒருத்தரும் ஏறமாட்டார்கள் என்று பயந்தேன். இப்படி எழுதினால் கொஞ்சம் நியாயம் மாதிரித் தெரிகிறது. உண்மை அதுகூட இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பதுதான். அதற்காகத் தங்கையின் கல்யாணத்தைக் காவு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

திருட்டுத்தனமாகச் சரிசெய்யப் பார்த்தேன். ஆட்டைக் காட்டோரம் ஓட்டிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். அது நின்றது. எப்படிச் சிலுப்புவது என்று மறந்துவிட்டதோ என்று நானே தலையிலிருந்து இடுப்பு வரை ஆட்டி உதறிக் காட்டினேன். ஆடு அதை மரியாதையாகப் பார்த்துவிட்டுப் பிஸ்கட்டுக்குக் காத்திருந்தது.

பங்குனி போயிற்று. வைகாசிக்குள் ஒரு முடிவு சொல்லாவிட்டால் வேறு பெண் பார்ப்போம் என்று கீழேயிருந்து சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை. சாமியே வேண்டாம் என்று சொன்ன பெண்ணை எத்தனை நாளைக்கு யார் காத்திருந்து கட்டுவார்கள்? மாமனோ சத்தமில்லாமல் தன் மகனின் ஜாதகத்தைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், வண்டி கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றாள். இளைத்துப் போயிருந்தாள்.

"நல்லா யோசிச்சிச் சொல்லுண்ணா. நம்ம வூட்ல எதுனா தப்பு நடந்துதா?"

"எனக்கு இன்னா தெரியும்?" என்றேன். சக்கரத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

கோடை விடுமுறைக்குப் படம் வெளியாயிற்று. எங்கள் மலை நடித்த படம், நான் நடித்த படம். பார்த்தே தீர வேண்டும் என்று எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். என்னால் முடிந்தவரை தடுத்தேன். விமர்சனம் சரியில்லை, முதல் பாதி இழுவை, பாட்டு சுமார், லாஜிக் இல்லை என்று போனில் எவனோ சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். ஆடு பேசுகிற படத்தில் எதற்கு லாஜிக் என்று அத்தை கேட்டாள். அவளைவிட நியாயமான விமர்சனம் நான் எங்கும் படிக்கவில்லை. வண்டியில் கிளட்ச் போய்விட்டது என்றேன். அப்படியானால் பஸ்ஸில் போகலாம் என்று மாமன் சொன்னார். எங்கள் பஸ்ஸை நம்புகிற அளவுக்கு அவருக்கு ஆசை என்று தெரிந்ததும் நானே வண்டியை எடுத்தேன். தங்கைக்கு வர மனசில்லை. வெளியே போனாலாவது முகம் தெளியட்டும் என்று அம்மா இழுத்துக்கொண்டு வந்தாள்.

பகல் காட்சி. எங்கள் பதினாறு பேரும் இரண்டு வரிசையில் உட்கார்ந்தோம். படம் ஆரம்பித்த பத்தாம் நிமிஷத்திலிருந்து எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். என்ன, தியேட்டர் சிரிக்காத இடங்களில் சிரித்தார்கள். பலாப் பழங்களை மாமரத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கதாநாயகி கேழ்வரகுக் கொல்லையில் நின்றுகொண்டு, 'எங்க மண்ணுச் சாமை' என்று மூக்கு விடைக்கப் பேசினாள். மலைக்காரர்கள் எல்லாரும் மதுரைத் தமிழ் பேசினார்கள். படத்தில் மலை மட்டும்தான் ஒழுங்காக நடித்திருக்கிறது என்று சித்தப்பா சத்தமாகவே சொன்னார்.

அப்புறம் மேளதாளத்தோடு, மெதுவாக அசைந்து அசைந்து, எங்கள் ஆடு வந்தது. திரை முழுக்க அதன் நெற்றி.

"டேய், அது நம்ம கிடாடா" என்றாள் அம்மா.

அந்த மாதிரி இருக்கிறது என்றேன். கிழிந்த காதைப் பெரிசாகக் காட்டினார்கள். இரண்டு வரிசையும் என் பக்கம் திரும்பியது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்தச் சமயம் பார்த்து ஆடு மருமகளின் குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிற்று. அத்தை சிரித்த சிரிப்பில் எல்லாரும் திரையைப் பார்த்துத் திரும்பினார்கள். அதுதான் அந்த மாதிரிப் படத்தின் அருமை. யாரையும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் கோபமாக இருக்க விடாது. இடைவேளைக்குள் என் மேல் இருந்த கோபம் போய், எங்கள் ஊர் ஆடு திரையில் வருகிறது என்ற பெருமை வந்துவிட்டது. பங்காளி ஒருவர் விசில் அடித்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்பா போய் எட்டு வருஷம் ஆகிறது. ஆடு கண்ணாடி போட்டுப் பேப்பர் பார்த்தபோது, "உங்கப்பா இப்படித்தான் பாப்பாரு" என்றாள். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் அப்படித்தான் பார்ப்பார்.

உச்சக் காட்சி வந்தது. திரையில் தண்ணீர் ஊற்றினார்கள். என் முழங்கை வந்து போயிற்று. ஆடு கல்லாய் நின்றது. தியேட்டரே சிரித்தது. எங்கள் இரண்டு வரிசை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று மாமன் சிரிக்க ஆரம்பித்தார். முன்சீட்டைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நம்ம கோயிலில் நின்ற மாதிரியே நிற்கிறது பார் என்றார். அது பிறவியிலேயே சிலுப்பாத ஜாதி போல என்றார் சித்தப்பா. எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் தப்பித்தேன். உண்மையாகவே தப்பித்துவிட்டேன். குலசாமிக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. ஜனங்கள் எழுந்து செருப்பைத் தேடினார்கள். அப்போது திரையின் ஓரத்தில், படம் எடுத்தபோது நடந்த கூத்துகளைத் துண்டு துண்டாகக் காட்டினார்கள். ஆடு சிலுப்புகிறது, டைரக்டர் நனைகிறார். மறுபடி சிலுப்புகிறது, கேமராக்காரர் ஓடுகிறார். மாஸ்டர் சொட்டுச் சொட்டாய்த் தெளிக்கிறார். ஆடு சிலுப்பாமல் நிற்கிறது. பிஸ்கட். குடம். பிஸ்கட். கடைசியில், மணிக்கட்டும் இல்லை, முழங்கையும் இல்லை, என் முழு முகம். ஈ என்று இளித்துக்கொண்டு, உள்ளங்கையில் ஒரு பிஸ்கட்டை ஆட்டுக்கு நீட்டிவிட்டு, இன்னொன்றை என் வாயில் போட்டுக்கொள்கிறேன். தியேட்டர் விழுந்து விழுந்து சிரித்தது. என் கலை வாழ்க்கையில் எனக்கு வாய்த்த ஒரே முழு ஷாட் அது.

எழுந்தவர்கள் எங்கள் வரிசையில் மறுபடி உட்கார்ந்தார்கள். மாமனின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. தங்கை திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முழுக்க அவள் ஒருதரம்கூடச் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெளியே டீக்கடை வாசலில் எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். திட்டுவார்கள், யாராவது கை ஓங்குவார்கள் என்று காத்திருந்தேன். தங்கைதான் பேசினாள். குரல் உயரவேயில்லை.

"ரெண்டு மாசத்துக்கு மேல நான் அழுவறத பாத்துக்கினே இருந்தியே. ஆடு, கத்துக்குடுத்ததச் செஞ்சிது. நீ?"

வாயில்லாத ஜீவனுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த படம் அது. வாயுள்ள நான் அங்கே ஊமையாய் நின்றேன்.

திரும்பும்போது என் பக்கத்துச் சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. பின்னால் பதினைந்து பேரும் நெருக்கி அடித்துக்கொண்டு வந்தார்கள். பாதி மலையில் மாமன் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி வந்து முன்னால் ஏறினார். கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் தாண்டி, ஊர் நெருங்கும்போது சொன்னார்.

"உன்ன மட்டும் சொல்லிக் குத்தமில்லடா. அன்னிக்கி அது சிலுப்பாம நின்னப்ப, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சி. நான் நெனச்சதத்தான் சாமி சொல்லுதுன்னு எடுத்துக்கினேன்."

இதைப் பங்காளிகள் கூட்டத்திலும் அவர் சொன்னார். நானும் என் பங்கைச் சொன்னேன், இந்தத் தரம் பீடி இல்லாமல். பரிகாரமாக என்னை இருபத்தொரு நாள் கோயில் வாசலைப் பெருக்கச் சொன்னார்கள். வைகாசியில் மறுபடி உத்தரவு கேட்டோம். வேஷம் போட்ட ஆடு சாமிக்கு ஆகாது என்று வேறு கிடா நிறுத்தினார்கள். பூசாரி செம்பைச் சாய்ப்பதற்குள் முதல் சொட்டிலேயே அது உதறிய உதறலில் மாமனின் வேட்டி நனைந்தது. அவரே போன் போட்டுக் கணியம்பாடிக்குச் சேதி சொன்னார். அவர்கள் காத்திருந்தார்கள்.

பழைய கிடாவை என்ன செய்வது என்ற பேச்சுக்கே அம்மா இடம் கொடுக்கவில்லை. அதற்கு அன்றையிலிருந்து அவள் மரியாதைப் பட்டம் கட்டிவிட்டாள். காலையில் கூழ் கரைத்தால், "வாங்க, குடிங்க" என்று முதல் சட்டி அதற்குத்தான். ஊரில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா கவலைப்படவில்லை.

தங்கை என்னோடு பேசவில்லை. வைகாசி, ஆனி, ஆடி மூன்று மாசமும். பத்திரிகையில் என் பெயர் இருந்தது, முறைப்படி எனக்கும் ஒன்று கொடுத்தாள், அம்மா கையில் கொடுத்து. வீட்டில் நான் இருந்தால், அண்ணா என்று கூப்பிடாமல், ஜீப்காரர் வந்தாச்சா என்று அம்மாவிடம் கேட்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு ஊர் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்திருந்தாலும் தேவலை என்று இருந்தது. சிரிப்புக்குப் பயந்து எதை விட்டேன் என்று மெதுவாகத்தான் புரிந்தது.

ஆவணியில் கல்யாணம். மலையில் எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல். தாலி கட்டி முடிந்து பந்தி ஆரம்பித்த நேரம் பொலபொலவென்று மழை பிடித்துக்கொண்டது. வெளியே இருந்தவர்கள் எல்லாரும் பந்தலுக்குள் ஓடிவந்தார்கள். ஆடு மட்டும் ஓடவில்லை. வாசலுக்கு நடுவே போய், கால்களை ஊன்றிக்கொண்டு, கொட்டுகிற மழையில் கல்லாய் நின்றது. நாக்கை நீட்டி மூக்கை நக்கியது. பந்தலுக்குள் என்னைத் தேடிப் பார்த்தது.

கணியம்பாடிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் எங்கள் ஆட்கள், மாமன், அத்தை, எல்லாரும் ஆட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பயந்த சிரிப்பு முழுசாக, இரண்டு ஊரும் சேர்ந்து, ஒரே சமயத்தில் வந்தது. இலை போட்டுக்கொண்டிருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மணவறையிலிருந்து தங்கையின் குரல் கேட்டது.

"போய்க் குடுத்துட்டு வாண்ணா. எவ்ளோ நேரம் நனைஞ்சிக்கினு நிக்கும்?"

இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, அடுக்களையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் தேடி எடுத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, மழையில் இறங்கினேன்.